ராத்திரி பத்து மணிக்கு நம் ஃபேனைச் சுற்றுவது எது? நெய்வேலிக் கரியை நிறுத்த முடியுமா?

மஞ்சக்குப்பம் மாணவி
ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். கடலூரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நேற்று சித்தி பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்று மந்தாரக்குப்பம் போயிருந்தோம். திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக நெய்வேலி மின் நிலையத்தின் அந்தப் பெரிய கோபுரங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளை வெளேர் என்று புகை. மதியம் இரண்டு மணி, தரையில் கால் வைக்க முடியாத வெயில். இவ்வளவு வெயிலைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, கீழே இவ்வளவு பெரிய பள்ளம் தோண்டிக் கரி எடுத்து எரிக்க வேண்டுமா? அப்பாவிடம் கேட்டேன். "அது இல்லைன்னா ராத்திரி ஃபேன் ஓடாது" என்றார். அவ்வளவுதானா விஷயம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட்
ஞாயிறு, இரவு 11.55

அம்மா, முப்பத்திரண்டு வருஷம் அனல் மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் இந்த நேரத்தில் தூக்கம் வருவதில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் பார்த்த வெள்ளை, புகை இல்லை. இடுப்பு சிறுத்து அகலமாக நிற்பவை கூலிங் டவர்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைக்கும் தண்ணீர் சூடேறி அங்கே வந்து ஆறும். மேலே போவது அந்தத் தண்ணீரின் ஆவி. புகை போவது பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக நிற்கும் புகைபோக்கியில். அதில் போகும் கந்தக டை ஆக்சைடும் கரியமில வாயுவும் கண்ணுக்குத் தெரியாது. என் கவலையெல்லாம் அந்த ஒல்லிக் குழாயைப் பற்றித்தான்.

சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம், அதாவது வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரம், வெட்டிய கரி, கன்வேயர் பெல்ட்டில் ஏறிப் பங்கர் என்ற சேமிப்புத் தொட்டிக்கு வந்து சேரும். மில்லில் அரைத்து, கொதிகலனுக்குள் ஊதி எரிப்போம். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகி, டர்பைனை நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். நொடிக்கு 50. உங்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் என்பது அந்தச் சுழற்சிதான். நெய்வேலிக் கரி பழுப்பு நிலக்கரி, அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ரயிலில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்பினால் தண்ணீரைச் சுமந்த கூலிதான் மிஞ்சும். அதனால்தான் சுரங்கத்து வாசலிலேயே மின் நிலையத்தைக் கட்டினார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால் 300 கிலோ. ஒரு டன் கரியைத் தொட ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டும். அந்த மண்ணும் லேசுப்பட்டதில்லை. புவியியலில் அதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றனவே, அதே பாறைப் படிவம். பக்கெட் வீலின் பற்களைத் தேய்த்துவிடும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் மின்சாரத்தை இவ்வளவு பெரிய அளவில் சேர்த்து வைக்க இன்னும் நமக்கு வசதி போதவில்லை. அந்தந்த நொடி எவ்வளவு செலவோ, அந்த நொடியே அவ்வளவு ஆக்கியாக வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்த மாதிரிக் கோடையில் மாலை ஆறரைக்குச் சூரியன் இறங்கும். மதியம் பல ஆயிரம் மெகாவாட் தந்த தகடுகள் எல்லாம் ஓய்ந்துவிடும். அதே நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஒன்றாகப் போடுவார்கள். காற்றாலைக்கு ஆனி, ஆடியில்தான் முழு வீச்சு. கோடையில் அணைகளில் தண்ணீர் குறைவு. கூடங்குளம் ஒரே அளவில் ஓடும், ஏற்றி இறக்குவதற்கு ஏற்றதில்லை. மீதியைத் தாங்குவது கரி. மாலை ஐந்தரைக்கு மேல் எங்கள் அறையில் யாரும் டீக்கு எழுந்திருக்க மாட்டார்கள். எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து உற்பத்தியை ஏற்றச் சொல்லி உத்தரவு வந்துகொண்டே இருக்கும்.

நாட்டில் நிறுவியிருக்கும் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் நிலக்கரி பாதிக்கும் குறைவு. ஆனால் வருஷம் முழுக்க உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஒரு சூரியத் தகடு வருஷத்தில் தரும் மின்சாரம், அதன் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஓடியதற்குத்தான் சமம். கரி ராத்திரியும் ஓடுகிறது.

உங்கள் அப்பா சொன்னது ராத்திரிக்குச் சரி. பகலுக்கும் அதையே சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சேத்தியாத்தோப்பு வயல்
திங்கள், காலை 5.50

ஐயா சொன்ன கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை, அதுதான் குறை.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஊற்று தானாகப் பொங்கும். குழாயை இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் மேலே வந்து விழும். நெய்வேலியில் கரி இருப்பது தெரிய வந்ததே அப்படித்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் குழாய்க் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை விடாமல் அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார், பிறகு நிலமும் கொடுத்தார். 1956இல் நிறுவனம் தொடங்கியது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட். எங்கள் அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பொங்கும் தண்ணீர் கரிக்கு அடியில்தான் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வரும். அதனால் அறுபது வருஷத்துக்கு மேலாக இரவு பகலாக இறைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கு வந்து வயலுக்குப் பாய்கிறது. அதை நம்பி நடவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு போர் அப்பா போட்டபோது 120 அடி. போன வருஷம் நான் போட்டது 380 அடி. நெல்லும் கரும்பும் போட்டு நாங்களும்தான் இறைக்கிறோம். எது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இறங்கியது மட்டும் தெரியும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியாகிவிட்டது என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். காகிதத்தில் நிலம் கைமாறியிருக்கலாம், நெல்லுக்குக் காகிதம் தெரியாது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அந்தப் படத்தை என் அம்மா டிவியில் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. நெல் விளைவித்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அதே வருஷம் ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே, வடசேரி, மைக்கேல்பட்டி என்று புதிய சுரங்க ஏலப் பட்டியல் வந்தது. டெல்டாவே எழுந்து நின்ற பிறகு அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். எங்கள் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஐந்து ஒன்றியங்களும் 2020 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். ஒன்றிய எல்லைக்கு இந்தப் பக்கம் விளைவதும் நெல், அந்தப் பக்கம் விளைவதும் நெல். ஒன்றுக்குக் காப்பு, இன்னொன்றுக்கு இல்லை.

ராத்திரி ஃபேன் எங்களுக்கும் வேண்டும். அதற்கான விலையை யார் வீட்டில் வாங்குகிறோம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பண்ருட்டி பலா
திங்கள், காலை 8.15

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் முந்திரிக் காடும் பலாவும் வேரோடு போயின. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப 23 நாள் ஆனது. நெய்வேலி எங்களுக்குக் கூப்பிடு தூரம். பக்கத்தில் மின் நிலையம் இருந்தாலும் கம்பம் விழுந்தால் இருட்டுதான். இதையும் யோசியுங்கள்.

மாடி வெயில்
திங்கள், காலை 11.20

திருப்பாதிரிப்புலியூரில் சோலார் பொருத்தும் வேலை செய்கிறேன். ஷிப்ட் சார் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டும். சேர்த்து வைக்க வசதி போதவில்லை என்றார். இன்றைக்குப் போதவில்லை, சரி. ஆனால் வழி இருக்கிறதே. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்தே இதைச் செய்கிறது. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றுவார்கள். பேட்டரி விலையும் நான் தொழிலுக்கு வந்த பிறகே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஃப்ரீக்வென்சி, அதாவது சார் சொன்ன அந்த 50 ஹெர்ட்ஸ், இறங்கினால் பேட்டரி ஒரு நொடிக்குள் கை கொடுக்கும். கரி அடுப்பு அவ்வளவு வேகமாக ஏறாது.

வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு நாளுக்கு நாலு யூனிட் கிடைக்கும். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். போன வாரம் செம்மண்டலத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் அம்மா ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தேன். மீட்டர் பின்னோக்கிக் கணக்குப் போடுவதைத் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறாராம். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

இரவு ஷிப்ட்
திங்கள், மதியம் 2.05

தம்பி, பேட்டரி வேகம் பற்றிச் சொன்னது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். மாலை ஆறிலிருந்து பத்து வரைக்கும் பேட்டரியும் காடம்பாறை மாதிரி நிலையங்களும் பெருமளவு தாங்கும் காலம் வரும். வரவேண்டும்.

என் பயம் ஐப்பசி, கார்த்திகை. வங்கக் கடலில் தாழ்வுநிலை பிடித்தால் ஆறு நாள், ஏழு நாள் வெயிலே இருக்காது. ஆடிக் காற்றும் அப்போது இல்லை. நாலு மணி நேரப் பேட்டரி அந்த வாரத்துக்கு என்ன செய்யும்? தேவையும் அப்போது குறைவுதான், அது ஒரு ஆறுதல். ஆனாலும் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொதிகலனை ஸ்டவ் மாதிரித் திருப்பி அணைக்க முடியாது. ஒரு கொதிகலனும் அதன் டர்பைனும் சேர்ந்ததை அலகு என்போம். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுக்க ஆறிவிட்டால், மறுபடி பற்றவைத்து, குழாய்களைச் சீராகச் சூடேற்றி, டர்பைனைச் சுற்றி, முழு லோடுக்குக் கொண்டுவர அரை நாளுக்கு மேல் போய்விடும். அவசரப்பட்டால் தடித்த உலோகம் ஒரு பக்கம் சுட்டு ஒரு பக்கம் ஆறிக் கீறல் விடும். அதனால் மாலையில் தேவைப்படும் அலகை மதியம் நிறுத்துவதில்லை, குறைத்து ஓட்டுகிறார்கள். 55 சதவீதம் வரை இறக்கச் சொல்லி விதி இருக்கிறது. அதற்குக் கீழே போனால் தீ நிலையாக நிற்பது கஷ்டம், எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டும். குறைத்து ஓட்டும்போது ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் கரியும் கூடும். இந்தம்மா மதியம் இரண்டு மணிக்கு அந்த ஆவியைப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். வெயில் கொட்டுகிறது, கீழே அடுப்பு மாலைக்காகக் காத்துக்கொண்டு எரிகிறது.

வயல் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் சம்பளத்தில் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் யாருடைய நிலம் இருந்தது என்று வேலையில் இருந்தபோது நான் யோசித்ததில்லை. உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வில்லியனூர் லேத்து
திங்கள், மாலை 4.30

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் யூனியன் பிரதேசத்துக்குச் சொந்தமாக இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மற்றதெல்லாம் வெளியிலிருந்து வரும் பங்கு, நெய்வேலியும் அதில் உண்டு. என் பட்டறையில் நாலு லேத், ஒரு மில்லிங் மெஷின். இருபது வருஷமாகச் சுவிட்ச் போடுகிறேன், அந்தக் கரி எந்த ஊர் ஊற்றுக்கு அடியிலிருந்து வருகிறது என்று இன்றைக்குத்தான் படிக்கிறேன். மனசு என்னவோ போல் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்றால் பகல் கட்டணத்தைக் குறைத்தால் என்ன? அவசர ஆர்டர் வந்தால் நாங்கள் ராத்திரி பத்து வரை ஓட்டுகிறோம். பகலில் மலிவு என்றால் ஆளைக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிடுவேன்.

இரவு ஷிப்ட்
திங்கள், மாலை 5.10

லேத்து அண்ணே, 2023இல் மத்திய அரசு மின் நுகர்வோர் விதியைத் திருத்தி அதைத்தான் சொன்னது. சூரிய ஒளி நேரத்துக்குக் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்துக்குக் கூடுதல். அதற்கு நேரம் பிரித்துக் கணக்கிடும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சட்டம் வந்துவிட்டது, மீட்டர் வீடு வீடாக வர வேண்டும்.

பரங்கிப்பேட்டை கரை
திங்கள், இரவு 7.45

எங்கள் பக்கம் இருக்கும் 1200 மெகாவாட் நிலையத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அதில் எரிவது கப்பலில் வரும் வெளிநாட்டுக் கரி. இங்கே சுரங்கம் இல்லை, அதனால் நிலத்தடி நீர் பற்றி இங்கே பேச்சு இல்லை. ஆனால் அந்தக் கரியும் இந்தோனேசியா போன்ற நாடுகளில் ஏதோ ஒரு ஊரைத் தோண்டித்தானே வருகிறது? அவர்கள் ஊற்று என்ன ஆனதோ. கடலை நம்பிப் பிழைக்கிறவன் நான், கப்பல் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சேத்தியாத்தோப்பு வயல்
திங்கள், இரவு 8.30

பரங்கிப்பேட்டை அண்ணன் கேட்டதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கேட்டது நல்லது.

பகல் மின்சாரம் பற்றி எங்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் பகலில் சில மணி, ராத்திரியில் சில மணி என்று முறை வைத்து வருகிறது. ராத்திரி முறை வந்தால் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். என் சித்தப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது அப்படித்தான், சிதம்பரம் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தோம். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்பு 23 லட்சத்துக்கு மேல். வெயில் இருக்கும்போது மும்முனையை எங்களுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு, ராத்திரியில் நிறுத்திக்கொள்ளட்டும். நாங்களும் தூங்குவோம், ராத்திரிக்கு எரியும் கரியும் குறையும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாமே ஐயா?

மாடி வெயில்
திங்கள், இரவு 8.52

அருமை அண்ணே. லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் பகல் லோடைத் தாங்க வேண்டும், சில இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இரவு ஷிப்ட்
திங்கள், இரவு 11.40

வயல் தம்பிக்கு மதியத்திலிருந்து சொல்ல நினைத்தது.

நெய்வேலியின் முதல் அனல் நிலையம் 600 மெகாவாட். 1962இல் எரியத் தொடங்கிய அடுப்பு 2020இல் அணைந்தது. ஐம்பத்தெட்டு வருஷம். அதன் இடத்துக்கு வந்த புது நிலையம் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு. பழைய அலகுகளைவிட ஒரே அளவு கரிக்கு அதிக மின்சாரம் தருபவை. மூட முடியாதது என்று எதுவும் இல்லை என்பதற்கு எனக்கு அதுதான் சாட்சி. மூடியபோது யாரும் இருட்டில் உட்காரவில்லை, மாற்று தயாராக இருந்தது. அதே 2020இல் மேயிலும் ஜூலையிலும் இரண்டாம் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கரியின் விலையில் அந்த வீடுகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். புதிதாக ஒரு வயலையும் தோண்டக் கூடாது. இப்போது திறந்திருக்கும் பள்ளங்களில் இருக்கும் கரி, இப்போது ஓடும் அலகுகளின் ஆயுளுக்குப் போதும்படி ஓட்ட வேண்டும். ராத்திரிக்கும் அடைமழைக்கும் மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு, பகல் தேவையை முழுக்க வெயிலுக்கு மாற்ற வேண்டும். மும்முனையைப் பகலுக்குக் கொண்டுவருவதில் தொடங்கலாம், நீங்கள் சொன்னது எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை. கொட்டி வைத்த மண்மேடுகளின் மேல் சூரியத் தகடு போடட்டும். அதில் வேலைக்கு எடுப்பவர்கள் நிலம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும், நிரந்தர வேலையாக இருக்கட்டும். புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவிக்கு 2015இல் விதி போட்டுவிட்டுத் தவணை மேல் தவணை கொடுத்துக்கொண்டே போனார்கள். எரியப்போகும் மிச்ச வருஷங்களுக்காவது அது வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு போகிறது, அதைப் பிடிக்க நம்மிடம் கருவி இல்லை. குறைவாக எரிப்பது ஒன்றுதான் வழி.

மஞ்சக்குப்பம் மாணவி
செவ்வாய், மாலை 6.20

எல்லாவற்றையும் படித்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரும் வாஷிங் மெஷினும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஓடும், அம்மா வேலையிலிருந்து வந்த பிறகு. இனிமேல் காலை பதினொரு மணிக்குப் பாட்டி போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். பாட்டிக்கு மெஷின் பட்டனைச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. சேத்தியாத்தோப்பு அண்ணா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். இந்தச் சித்திரையில் உங்கள் போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?

சேத்தியாத்தோப்பு வயல்
செவ்வாய், இரவு 9.05

நேற்று கல் கட்டிக் கயிறு விட்டுப் பார்த்தேன் பாப்பா. 210 அடியில் நனைந்தது. போன சித்திரையில் 196.